மச்சினன் போட்டுவந்த அப்டேட்

ஜனவரி 3, வெள்ளி

ஜமால் பாய் டயர் கடையில் இந்த வருடமும் டைரி கொடுத்தார். பரிமளா அதை என் கையில் திணித்து, "ஏனுங், நாளெல்லாம் என்ற காதுல திட்டறீங்கல்ல, அதையெல்லாம் இனி இதுல எழுதுங்க. என்ற காதாவது மிஞ்சட்டும்" என்றாள். வீட்டுக்காரி சொல்லிவிட்டால் அப்பீல் ஏது. எழுதுகிறேன்.

முதல் திட்டு செங்கோடனுக்கு.

செங்கோடன் பரிமளாவின் தம்பி, என் மச்சினன். சங்ககிரியில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு லாரி வைத்திருக்கிறோம். ஆளுக்குப் பாதி. ஒரு நடை நான் போனால் அடுத்த நடை அவன். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு ஹூப்ளி போவோம், திரும்பும்போது கிடைத்ததை ஏற்றி வருவோம். வண்டியை சர்வீஸுக்கு விடுவது அவன் வேலை. போன மனிதன் ஆயில் மாற்றினோமா, வந்தோமா என்று இருக்க வேண்டாமா? என்ஜின் கம்ப்யூட்டருக்கு அப்டேட் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நன்றாக ஓடுகிற வண்டியை எதற்கு நோண்ட வேண்டும்?

என் பழைய வண்டி இருபது வருடத்துக்கு மேல் ஓடியது. அதற்குள் கம்ப்யூட்டரா உட்கார்ந்திருந்தது? என்ஜினை இரண்டே முறைதான் பிரித்தோம். இந்த வண்டியும் அப்படி ஓட வேண்டும், எனக்கு முடியாமல் போன பிறகும் செங்கோடன் இதை ஓட்ட வேண்டும் என்றுதான் நான் இதை இத்தனை பாடுபட்டுப் பார்த்துக்கொள்கிறேன். அது அவனுக்குப் புரிந்தால்தானே.

ஜனவரி 5, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை மதியம் செங்கோடனுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. இன்று நேற்று வந்த பழக்கமில்லை. நான் பரிமளாவைக் கட்டி அழைத்து வந்தபோது, அப்பா அம்மா இல்லாத பையனைத் தனியாக விட முடியாது என்று அவனும் கூடவே வந்தான். அப்போது ஐந்தாம் வகுப்பு. இப்போது எடப்பாடி ரோட்டில் தனியாக வீடு எடுத்து இருக்கிறான். இன்னும் பெண் அமையவில்லை. அவன் எங்கே இருந்தால் என்ன, ஞாயிறு மதியம் இங்கே இலை விழுந்துவிடும்.

இன்று நாட்டுக்கோழிக் குழம்பு. சாப்பிடும்போதே அவன் ஆரம்பித்தான்.

"மச்சான், சர்வீஸ்ல பெனிட்டான்னு ஒரு புள்ள இருக்குதுங்க. அதுதான் வெளக்கமா சொல்லுச்சு. புகையைச் சுத்தம் பண்றதுக்கு யூரியாத் தண்ணி ஊத்தறமில்லீங்களா, அது சரியா அடிக்கலைன்னா பழைய புரோகிராம் கண்டுக்காம உட்டுருமாம். புதுசு உடனே கண்டுபுடிச்சு வெளக்கு போடுமாம். என்ஜினுக்கு ஆயுசு கூடுமாம்."

"என்ஜின் ஆயுசு ஓட்டறவன் கையில இருக்குது. அந்தப் புள்ள பொட்டியில இல்ல."

"இன்னொண்ணும் சொல்லுச்சுங்க. வண்டிய நிறுத்துனதுக்கு அப்பறமேட்டு..."

"நிறுத்துனதுக்கு அப்பறம் மொதல்ல நீ மெயின் சுவிட்ச அணைக்கப் பழகு. அதுக்கப்பறம் எனக்குப் புத்தி சொல்லலாம்."

பரிமளா சிரித்துவிட்டாள். அவனும் வாயை மூடிக்கொண்டு கோழியைக் கவனித்தான்.

சொன்னது உண்மைதானே. பேட்டரியிலிருந்து வண்டிக்குப் போகிற மொத்தக் கரண்டையும் நிறுத்த ஒரு மெயின் சுவிட்ச் இருக்கிறது. என்ஜினை அணைத்த கையோடு அதையும் அணைக்க வேண்டும். பேட்டரி இறங்காது, ஒயர் உரசித் தீப்பிடிக்கும் என்ற பயமும் இல்லை. நான் ஸ்டியரிங் பிடித்த நாளிலிருந்து டீ குடிக்க நிறுத்தினாலும் அதை அணைக்காமல் இறங்கியதில்லை. இவன் ஒருநாளும் அணைக்க மாட்டான். சாவியைத் திருகி எடுத்துவிட்டுக் குதித்து இறங்கிவிடுவான். சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது.

ஜனவரி 10, வெள்ளி

ஹூப்ளி போய் வந்தேன். தும்கூர் தாண்டி நிறுத்திச் சாப்பிட்டேன், ராணிபென்னூரில் தூங்கினேன், லோடு இறக்கும் இடத்தில் அரை நாள் கிடந்தேன். எல்லா இடத்திலும் என்ஜினை அணைத்தேன், சுவிட்சை அணைத்தேன், அப்புறம்தான் கால் தரையில் பட்டது.

திரும்பி வரும்போது டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது. இந்த வண்டி வாங்கிய நாளிலிருந்து எரியாத விளக்கு. அப்டேட் போட்ட ராசி.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். எங்களுக்கு மாடு ஏது, லாரிதான். நானும் செங்கோடனும் கழுவி, சந்தனம் வைத்து, முன்னால் கரும்பு கட்டினோம். மேலே ஏறி மாலை கட்டும்போது அவன், "மச்சான், இதுக்குக் கொம்பு மட்டும் இருந்தா சாயம் பூசிரலாமுங்க" என்றான். "கொம்பு வேண்டாம், உன்ற பெனிட்டா புள்ள அதுக்கும் அப்டேட் போட்டுரும்" என்றேன். பரிமளா உட்பட எல்லோரும் சிரித்தார்கள். விளக்கு இன்னும் எரிகிறது என்பதை அவனிடம் சொன்னேன். "பாக்கறனுங்க மச்சான்" என்றான்.

ஜனவரி 21, செவ்வாய்

செங்கோடன் அவன் நடையை முடித்து வந்துவிட்டான். விளக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"ரெண்டாம் நாளே தானா அணைஞ்சிருச்சுங்களே."

"தானா எப்படிடா அணையும்?"

"எனக்கென்னங்க தெரியும்? நல்லாத்தான் ஓடுச்சு."

இவன் எதையோ மறைக்கிறான். சர்வீஸில் கொண்டுபோய்க் காட்டி அணைத்திருப்பான். அப்டேட் போட்டது தப்பு என்று ஒப்புக்கொள்ள மனது வரவில்லை.

வீட்டுக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். மிக்ஸியைக் கடையில் கொடுத்தேன்.

ஜனவரி 28, செவ்வாய்

தர்மபுரியில் ரோட்டோரம் நிறுத்திவிட்டு எழுதுகிறேன். 

இரண்டு நாளாகச் சேலத்தில் மூன்று குடோனில் லோடு ஏற்றினேன். ஒரு குடோனில் பத்து மூட்டை, அடுத்ததில் காத்திருப்பு, அப்புறம் இன்னொன்று. நிறுத்துவது, அணைப்பது, எடுப்பது என்று இதே வேலை. நேற்று மாலையே விளக்கு வந்துவிட்டது. ஆனது ஆகட்டும் என்று இன்று காலை கிளம்பினேன்.

தொப்பூர் ஏற்றம். பாதி ஏறியிருப்பேன். ஆக்சிலேட்டரை மிதிக்கிறேன், வண்டி கேட்கவில்லை. கியரைக் குறைத்தேன், இன்னும் குறைத்தேன், முதல் கியரில் வந்து நின்றது. யாரோ பின்னால் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. முழு லோடு. பிரேக்கில் கால் வைத்துக்கொண்டு, ஹேண்ட்பிரேக்கில் கை வைத்துக்கொண்டு, பின்னால் கண்ணாடியில் பார்த்தால் ஒரு சிமென்ட் லாரி முட்டுகிற மாதிரி வந்து நிற்கிறது. அதற்குப் பின்னால் பஸ். ஹாரன் சத்தம் காதைப் பிளக்கிறது. ஒரு அங்குலம் பின்னால் உருண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த மலையில் நான் பார்க்காததா.

பஸ் கண்டக்டர் இறங்கி வந்து, "யோவ், வண்டி ஓட்டத் தெரியாதவன்லாம் எதுக்குய்யா மலைக்கு வர்றீங்க" என்று கத்தினான். என்னைப் பார்த்து! முப்பது வருடமாக ஓட்டுகிறேன், ஒரு சைக்கிளைக்கூட இடித்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை இங்கே எழுதுவதில் என்ன வெட்கம், இதைப் படிக்கப் போகிறவன் நான்தானே.

மெதுவாக, நடந்தே வந்திருக்கலாம் என்கிற வேகத்தில், மேலே ஏறிவிட்டேன். கம்ப்யூட்டர் தானாகவே இழுவையைக் குறைத்துவிட்டதாம், போனில் சர்வீஸ்காரர்கள் சொல்கிறார்கள். என் வண்டியில் என் காலை மீறி முடிவெடுக்க அது யார்? அதை உள்ளே உட்கார வைத்தவன் யார்?

பிப்ரவரி 1, சனி

இழுவை இல்லாமலே ஊர்ந்து ஹூப்ளி போய், லோடை இறக்கிவிட்டு ஊர் வந்து சேர்ந்தேன். ஜமால் பாய் கடையில் செங்கோடன் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். லாரி ஸ்டாண்டுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நாலு வார்த்தை கேட்டேன். அவன் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனான்.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஆட்டுக்கறிக் குழம்பு, ரசம், முட்டை. செங்கோடன் வரவில்லை. பரிமளா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தாள். போன் போட்டால் எடுக்கவில்லையாம்.

"என்ன சொன்னீங்க அவனை?"

"வண்டி விசயமா ஏதோ சொன்னேன்."

"வண்டி விசயத்துக்கு அவன் சோத்துக்கு வராம இருக்க மாட்டானே."

வராவிட்டால் போகட்டும். எனக்கென்ன. குழம்பு மிஞ்சிவிட்டது.

பிப்ரவரி 6, வியாழன்

சேலத்தில் பைபாஸ் பக்கம் ஒரு ஆள் இருக்கிறான் என்று ஸ்டாண்டில் சொன்னார்கள். லேப்டாப்பை மாட்டினால் போதுமாம். அப்டேட்டை எடுத்துவிடுவான், யூரியா சமாச்சாரத்தையே வண்டிக்கு மறக்கடித்துவிடுவான், விளக்கும் வராது, இழுவையும் குறையாது. சட்டப்படி தப்புதான். கம்பெனியும் அப்புறம் வண்டியைத் தொடாது. ஆனால் தொப்பூரில் பாதி ஏற்றத்தில் நிற்கிறவனுக்குச் சட்டம் வந்து முட்டுக் கொடுக்குமா? அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறான்.

செங்கோடன் இப்போது அவன் நடையில் இருக்கிறான். வண்டி நன்றாக ஓடுகிறதாம். அவனுக்கு மட்டும்.

பிப்ரவரி 8, சனி

செங்கோடனுக்கு லேப்டாப்காரன் விஷயம் யாரோ சொல்லிவிட்டார்கள். நேற்று வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, சாவியை ஜமால் பாயிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். வீட்டுக்கு வரவில்லை. பரிமளாவுக்கு மட்டும் போன்.

"அக்கா, மச்சான்கிட்டச் சொல்லிரு. அந்த ஆள் கையில வண்டியக் குடுத்தா என்ஜின் ரெண்டு வருசம் தாங்காது. அப்படிச் செஞ்சா நான் என்ற பாதியப் பிரிச்சு எடுத்துக்கறேன். லாரி சங்கத்துல சொல்லி எழுதி வாங்கிக்கலாம். அப்பறம் அவரு வண்டி, அவரு இஷ்டம்."

பரிமளா இதை எனக்கு ஒப்பித்தாள், ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல். அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

பிரித்துக்கொள்ளட்டுமே. பாதி லாரியை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? நான்தான் என்ன செய்வேன் என்று அவள் கேட்கிறாள். கேள்விக்கு என்ன குறைச்சல்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பருப்புக் குழம்புதான் வைத்தாள், கத்தரிக்காய்ப் பொரியல். ஞாயிற்றுக்கிழமை கறி இல்லை என்றபோதே அவள் கோபம் எனக்குப் புரிந்திருக்க வேண்டும். டிபன் கேரியரில் போட்டு நானே எடப்பாடி ரோட்டுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்றாள். நான் போகவில்லை. அவளே ஆட்டோவில் போனாள். கேரியர் நிறைந்தபடியே திரும்பி வந்தது.

வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா வீட்டுச் சோத்துல வளந்தவனுக்கு என்ன தெரியும் வண்டியப் பத்தின்னு அத்தனை பேருக்கு முன்னாடி சொன்னீங்களாமே. அவன் சொல்லலை. ஜமால் பாய் சொன்னார். மனசு கேக்காமச் சொன்னார்."

கேரியரைத் தரையில் வைத்தாள்.

"அஞ்சாங்கிளாஸ்ல வந்தவன். ஒரு நாளாவது அவன் கையேந்திக் கேட்டிருக்கானா? தட்டுல நான் போட்டதத் தின்னுட்டு, அதுக்கு மேல எனக்கு வேணும்னு ஒரு நா சொன்னதில்ல. பதினேழு வயசுலிருந்து உங்க வண்டியில கிளீனர். அவன் வேலை செஞ்சுதான் தின்னான். அதை நீங்க சோறுன்னு சொன்னீங்க."

சொன்னேன். நாட்குறிப்பில் 'நாலு வார்த்தை' என்று எழுதியிருக்கிறேன். அந்த நாலு வார்த்தை அதுதான். மலையிலிருந்து இறங்கிய கோபம், வாயில் வந்துவிட்டது. கோபத்தில் சொல்வதையெல்லாம் கணக்கில் வைத்தால் மனிதன் வாழ முடியுமா? இப்படித்தான் நான் அவளிடம் கேட்டேன். அவள் எழுந்து போய்ப் பருப்புக் குழம்பைத் தூக்கி வாசலில் கொட்டினாள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

வீட்டில் பேச்சு இல்லை. எண்ணெய் தீர்ந்துவிட்டது என்றுகூட அவள் சொல்லவில்லை. கடுகு தாளிக்காத சட்னியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

நாளைக்குச் சேலம் போக வேண்டும் என்று காலையில் காற்று பிடிக்க ஜமால் பாய் கடைக்கு வண்டியை எடுத்துப் போனேன். போய் நிறுத்துகிறேன், அங்கே செங்கோடன். பக்கத்தில் சர்வீஸ் கம்பெனி சட்டை போட்ட ஒரு பெண், தோளில் பெட்டி. பெனிட்டா இதுதானா என்று பார்த்தேன். இருபத்தைந்து வயதிருக்கும். திண்டுக்கல் பேச்சு. செங்கோடன் என்னைப் பார்க்கவில்லை. ஜமால் பாயைப் பார்த்து, "வண்டியில எனக்கும் பாதி இருக்குதுங்க பாய். அதை ஒருக்கா செக் பண்ணிரட்டும். அப்பறம் அவரு எங்க வேணா கொண்டு போகட்டும்" என்றான்.

நான் அந்தப் பெண்ணிடம் பொரிந்து தள்ளினேன். தொப்பூர், சிமென்ட் லாரி, பஸ் கண்டக்டர், எல்லாம்.  முடிந்ததும், "அண்ணே, உங்களுக்கு ஆனது ரொம்பத் தப்புதான். நான் இருந்திருந்தா எனக்கும் உசுரே போயிருக்கும். எங்கிட்ட ஒண்ணு மட்டும் செஞ்சு காட்டுறீங்களா? நீங்க எப்பவும் வண்டிய எப்படி நிப்பாட்டுவீங்களோ அப்படியே நிப்பாட்டிக் காட்டுங்க" என்றாள்.

இதென்ன பரீட்சை? ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். நிறுத்துவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. கடைக்கு முன்னால் ஒரு சுற்று சுற்றி வந்து நிறுத்தினேன். நியூட்ரல், ஹேண்ட்பிரேக், சாவி, டக்கென்று மெயின் சுவிட்ச். இறங்கினேன். ஸ்டாண்டுக்காரர்களைப் பார்த்து, "இப்படி நிறுத்தோணும்" என்றும் சொல்லிவிட்டேன்.

அவள் சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, எப்பவும் இவ்வளவு வெரசா அணைச்சிருவீங்களா?"

"எப்பவும். டீக்கு நிறுத்தினாலும்."

அப்புறம் அவள் சொன்னதை எழுதுகிறேன். சாவியை எடுத்த பிறகும் வண்டிக்கு உள்ளே வேலை முடிவதில்லையாம். குழாயில் நிற்கிற யூரியாத் தண்ணீரை ஒரு பம்பு திரும்ப டேங்குக்கே உறிஞ்சிக்கொள்ளுமாம். அதற்கு இரண்டு மூன்று நிமிடம் கரண்ட் வேண்டும். சுவிட்சை உடனே அணைத்தால் பம்பு பாதியில் நின்று, குழாயில் தங்கிய தண்ணீர் காய்ந்து உப்பாகக் கட்டிக்கொள்ளும். அப்புறம் எப்படிச் சரியாக அடிக்கும்? பழைய புரோகிராம் இதைக் கண்டுகொள்ளவில்லை. புதியது கண்டுகொண்டது. முதலில் விளக்கு போட்டது. அதையும் மீறி ஓட்டியபோது என்ஜினைக் காப்பாற்ற இழுவையைக் குறைத்தது.

"இன்னொண்ணுண்ணே. அன்னன்னிக்கு எப்படி ஓடுச்சுன்னு என்ஜின் கம்ப்யூட்டர் கத்துக்கும். நிப்பாட்டுன பெறகுதான் அதை உள்ள எழுதி வைக்கும். எழுதி முடிக்கிறதுக்குள்ள நீங்க கரண்ட எடுத்துருறீங்க. மறுநாள் அது முதல்ல இருந்து ஆரம்பிக்குது."

 ஏழெட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். ஜமால் பாய் மட்டும் டயரைப் பார்த்தார். பழைய வண்டிக்கு எது ஆயுசைக் கூட்டியதோ அதையே இதற்கும் செய்து, நானே இதன் ஆயுசைத் தின்றிருக்கிறேன். 

அப்போதுதான் செங்கோடன் பேசினான். அந்தப் பெண்ணைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி:

"நாங்க ரெண்டு பேருமே அப்படித்தானுங்க அணைப்போம். பழைய வண்டிப் பழக்கம். யார்னாலன்னு சொல்ல முடியாது. பம்ப மாத்திருங்க."

பச்சைப் பொய். அவன் வாழ்நாளில் அந்தச் சுவிட்சைத் தொட்டதில்லை. அதனால்தான் அவன் ஓட்டினால் விளக்கு அணைந்தது, நான் ஓட்டினால் வந்தது. இத்தனை வருடம் அதற்காகத்தான் அவனைச் சோம்பேறி என்று திட்டினேன். அந்தக் கூட்டத்தை என்னைப் பார்த்துச் சிரிக்க வைக்க அவனுக்கு ஒரு வார்த்தை போதும். நான் அவனுக்கு அதே இடத்தில் செய்தது அதுதான். அவன் என் தலையில் விழ வேண்டியதில் பாதியைத் தன் தலையில் வாங்கிக்கொண்டான். பாதிக்குப் பங்காளி அல்லவா.

நான் வாயைத் திறக்கவில்லை. தலையை ஆட்டினேன். ஆமாம் என்பது போல ஆட்டினேன். எழுதும்போதே கூசுகிறது.

பிப்ரவரி 14, வெள்ளி

சேலத்துக்காரனுக்குப் போன் செய்து வரவில்லை என்றேன்.

பரிமளாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜனவரி முதல் ஞாயிறு சாப்பாட்டில், அந்தப் பெண் வேறு ஏதோ சொன்னதாக அவன் ஆரம்பித்தானே, அது இந்தச் சுவிட்ச் விஷயமாகத்தான் இருக்கும் என்றேன். அவள், "அவன் என்னிக்கு உங்ககிட்டப் பேசி முடிச்சிருக்கான்?" என்றாள். எண்ணெய் தீர்ந்துவிட்டது, வாங்கி வாருங்கள் என்றும் சொன்னாள். வாங்கி வந்தேன்.

பிப்ரவரி 15, சனி

பம்பும் குழாயும் மாற்றிவிட்டார்கள். என்ஜினுக்கு ஒரு குறையுமில்லை என்கிறாள் பெனிட்டா. சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு இருக்கிறது, அது அணைந்த பிறகு அணையுங்கள் என்று காட்டினாள். இத்தனை நாள் அந்த விளக்கை நான் பார்த்ததே இல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

காலையிலேயே ஜமால் பாய் கடைக்குப் போனேன். ஞாயிறானாலும் அங்கே கூட்டம் இருக்கும். செங்கோடனும் இருந்தான். என்னைப் பார்த்ததும் எழப் போனான். "உக்காரு மாப்ளே" என்றேன். நின்றபடியே சொன்னேன்.

"அன்னிக்கு இவன் சொன்னது பொய். இவன் அந்தச் சுவிட்ச அணைக்கவே மாட்டான். அணைச்சுக் கெடுத்தது நான். போன வாரம் இவன் சோத்தைப் பத்தி நான் பேசுனதும் தப்பு. அவன் ஒழைச்சுத் தின்ன சோறு அது. இதைச் சொல்லத்தான் வந்தேன்."

போன வாரமா, அதற்கு முந்தின வாரமா என்று எனக்குக் குழம்பிவிட்டது. யாரும் திருத்தவில்லை. ஒருவன் இருமினான். ஜமால் பாய், "டீ சொல்லட்டுமா?" என்றார்.

செங்கோடனுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. எழுந்து என்னை ரோட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான்.

"ஏனுங் மச்சான், உங்களுக்காக மொதல் தடவையா ஒரு பொய் சொன்னேன். அதையும் நீங்க காப்பாத்த மாட்டீங்களா? இப்ப என்னையல்லவா பொய்யன்னு நெனைப்பாங்க!"

"நெனைக்கட்டும்டா."

"அன்னிக்கு நான் சுவிட்ச் விசயம்தானுங்க சொல்ல வந்தேன். நீங்க விடலை. அப்பறம் நானே மறந்துட்டேன். எனக்குத்தான் அதை அணைக்கற பழக்கமே இல்லையே."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

"வா மாப்ளே. அக்கா காத்துக்கிட்டிருக்கா. கோழி எடுத்திருக்கா."

அவன் செருப்பு நுனியால் ஜல்லியைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"இல்லீங்க மச்சான். இன்னிக்கு அங்க வரலை. அக்காவைக் கூட்டிக்கிட்டு நீங்க என்ற வீட்டுக்கு வாங்க. இத்தனை வருசத்துல நீங்க அங்க ஒரு வாய் தண்ணி குடிச்சதில்ல. இன்னிக்கு என்ற சோத்தத் தின்னுங்க."

எனக்கு நெஞ்சில் அடித்த மாதிரி இருந்தது. அடித்தது சரிதான்.

போனோம். பரிமளா, தான் வைத்த கோழிக் குழம்பை அடுப்பிலேயே மூடி வைத்துவிட்டு வந்தாள். ஒரே அறை, ஒரு சமையல் மூலை. லாரியில் சமைக்கிற ஸ்டவ்வில்தான் வீட்டிலும் சமைக்கிறான். சோறு, மீன் குழம்பு, ஒரு ஆம்லெட். கடையில் போய் இலை வாங்கி வந்திருந்தான். அக்காவையும் என்னையும் உட்கார வைத்துவிட்டு அவன் உட்காரவில்லை. பரிமளா இத்தனை வருடம் அவனுக்குப் பரிமாறிய மாதிரியே கரண்டியோடு நின்றான்.

குழம்பில் உப்பு அதிகமாகத்தான் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. சோறு போட்டான், குழம்பு ஊற்றினான், மீண்டும் போட்டான். எப்போதும் இரண்டாவது கரண்டிக்கே கையை நீட்டித் தடுத்துவிடுகிறவன் நான். இன்று தடுக்கவில்லை. அவனாகப் போதும் என்று நிறுத்துகிற வரைக்கும் வாங்கிச் சாப்பிட்டேன்.